மேல்தகடு இல்லாத வண்டி

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

 

வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. “இன்னா மாப்ளே, மேல்தகட்ட எவன் அறுத்துக்கினு போனான்? போலீஸ்ல எழுதிக் குடுத்தியா?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் அறுக்கவில்லை மாமா. கம்பெனியிலிருந்து வரும்போதே மேல்தகடு கிடையாது. அந்த இடத்தில் கறுப்பு ரெக்சினில் ஒரு மடக்குக் கூரை. வேண்டுமானால் மூடலாம், வேண்டாவிட்டால் பின்னால் தள்ளிவிடலாம். இந்த விளக்கத்தை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினால் நம்ம ஊர் தாமலில் ரோட்டோர டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். அதனால்தான் கடிதம். இதையும் அங்கே படித்துக் காட்டலாம்தான், ஆனால் அதற்கு முதலில் நீங்கள் கண்ணாடியைத் தேட வேண்டும்.

காலமெல்லாம் அம்பாசடர் ஓட்டியவர் நீங்கள். கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களை முன்னால் மூன்று, பின்னால் ஐந்து, மடியில் இரண்டு என்று அடுக்கிக் காஞ்சிபுரத்துக்கு ஏற்றிப் போனவர். உங்களிடம் போய் இரண்டே சீட்டு உள்ள வண்டி என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. “மூணாவதா ஒரு ஆள் வந்தா எங்க உக்காத்துவானாம்?” என்று அத்தை பின்னாலிருந்து கேட்டதும் ரெக்கார்டில் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு உங்கள் மகள் தனியாகப் பதில் எழுதுவாள். நான் வண்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

விலை 1,800 பவுண்டு. நம் பணத்தில் இரண்டு லட்சம் சொச்சம். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு புல்லட் வரும். லண்டனில் 2006-ஆம் வருஷத்து மாஸ்டா எம்எக்ஸ்-5 வருகிறது. திறந்த காரை வாங்க நல்ல காலம் கார்த்திகை, மார்கழிதான். குளிரில் நடுங்கிக்கொண்டு அதன் பக்கம் யாரும் போக மாட்டார்கள். விற்பவனுக்கும் வீட்டு வாசலில் அது நிற்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். சித்திரையில் வெயில் தலைகாட்டினால் அதே வண்டிக்குப் பவுண்டு ஏறிவிடும். தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு வாங்கும் உங்கள் சாமர்த்தியம் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2023 ஆகஸ்டு 29 முதல் லண்டன் முழுக்கப் புகை அதிகம் விடும் வண்டிகளுக்குத் தினக் கட்டணம் 12.50 பவுண்டு. பெட்ரோல் வண்டி என்றால் பொதுவாக 2005-க்குப் பிறகு பதிவானவை தப்பிக்கும். அதற்கு முந்தைய மாடல் இன்னும் மலிவாகக் கிடைத்தது, ஆனால் பால் வாங்கக் கடைக்குப் போனாலும் தட்சணை வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் 2006 என்று பிடிவாதமாகத் தேடினேன்.

இங்கே ஒரு வசதியை நீங்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வண்டி நம்பரை அரசாங்க வெப்சைட்டில் தட்டினால் அதன் ஜாதகம் முழுவதும் வந்துவிடும். மூன்று வயதுக்கு மேற்பட்ட காரெல்லாம் வருஷம் ஒருமுறை எம்ஓடி என்ற சோதனைக்குப் போக வேண்டும். நம்ம ஊர் எஃப்.சி. மாதிரி, ஆனால் வீட்டுக் காருக்கும் உண்டு. எந்த வருஷம் பாஸ், எந்த வருஷம் ஃபெயில், எதனால் ஃபெயில், அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எல்லாம் அதில் இருக்கும். மீட்டரைத் திருப்பி வைக்கும் வித்தை இங்கே எளிதில் பலிக்காது. விற்றவர் எசெக்ஸ் பக்கத்து ரிட்டயரான மனிதர். டீ கொடுத்து, சாவியைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் பெயர் மாற்றிக் கொடுத்தார். கடைசியாகக் கூரையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெண்ணைக் கொடுத்த அன்று நீங்களும் அப்படித்தான் போனீர்கள்.

“ஜப்பான்காரனுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டீர்கள். இந்த மாதிரிச் சின்னத் திறந்த கார் வெள்ளைக்காரனின் சொத்து. எம்ஜி, ட்ரயம்ஃப், லோட்டஸ் எல்லாம் இந்த ஊர்தான். காலப்போக்கில் பலர் கடையைக் கட்டினார்கள். எம்ஜி-பி காரைச் செய்த அபிங்டன் தொழிற்சாலையை 1980-இல் மூடினார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், மாஸ்டா கம்பெனியின் கெனிச்சி யமமோட்டோவிடம், மலிவாக ஒரு திறந்த வண்டி செய்யுங்களேன் என்று ஆசையைச் சொன்னார். பத்து வருஷம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்து நின்றது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமாவில் இறங்கியது. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆசை அமெரிக்கன், உருவம் இங்கிலீஷ், உழைப்பு ஜப்பான், ஈ.எம்.ஐ. மட்டும் தாமல்.

உங்களுக்குப் புரிகிற வண்டியில் சொல்கிறேன். நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? பானெட்டை மொத்தமாக முன்பக்கம் கவிழ்த்தால் இன்ஜின், சக்கரம் எல்லாம் வெளியே தெரியுமே, அதுதான். மிச்செலாட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்து, 1959-இல் இங்கே ட்ரயம்ஃப் பெயரில் வந்து, 1961 முதல் நம்ம மதராஸில் செய்தார்கள். அதற்குக் கீழே தனியாகச் சேஸிஸ் உண்டு, பாடியை மேலே வைத்துப் போல்ட்டு முறுக்கியதுதான். அதனால் கூரையை எடுத்துவிட்டாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. எடுத்துவிட்டு 1960-இலேயே இங்கே விற்றும்விட்டார்கள். என் வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. மேல்தகடு இல்லாததால் அதன் பாரத்தையும் முறுக்கத்தையும் தரைத் தகடும், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற குழல்மாதிரித் தகடும்தான் தாங்குகின்றன. அந்தக் குழல் துருப்பிடித்தால் வண்டி நடுமுதுகில் தளர்ந்துவிடும். துரு எதனால் வரும்? தண்ணீரால். கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லண்டனில் சதா மழை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அளந்து பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். காஞ்சிபுரத்தில் பெய்வதில் ஏறக்குறைய பாதி. ஆனால் நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் லீவில் போய்விடும். இங்கே அதே பாதியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் தவணை போட்டுக் கொடுக்கிறார்கள். காலையில் ஒரு தூறல், டீ குடிக்கும்போது ஒரு தூறல், துணி காயப்போட்டதும் ஒரு தூறல். இந்தத் தூறலுக்கு நடுவில் வெயில் வருகிற கால்மணியில் கூரையைத் திறந்து, அடுத்த மேகத்துக்கு முன்னால் மூட வேண்டும். நல்லவேளையாக, சீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். கண்ணாடிக்கு மேலே நடுவில் ஒரு கொக்கி. அதை விடுவித்துப் பின்னால் தள்ளி அமுக்கினால் ‘டக்’ என்று உட்காரும். மோட்டார் கிடையாது, கைதான் மோட்டார். சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை விழுவதற்குள் முடித்துவிடலாம். முடியாதபோது பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரன் அடிக்க மாட்டார், வேடிக்கை பார்ப்பார். அது இன்னும் மோசம்.

கூரை மேல் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். தாமல் ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் வேண்டாம். ரெக்சினில் விழும் தண்ணீர் வழிந்து சீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாயில் சேரும். அதுதான் வரத்துக்கால். அங்கிருந்து இரண்டு பக்கமும், பெல்ட் தொங்கும் தூணருகே, விரல் நுழையும் அளவில் ஒவ்வொரு துளை. அதுதான் மதகு. அதிலிருந்து ரப்பர் குழாய் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் தண்ணீரை ரோட்டில் விடும். கம்பெனிக்காரன் எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறான். தூர் வாருவது வைத்திருப்பவன் வேலை. ஊரில் ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருப்பார். இந்த வண்டிக்கு நான்தான் நீர்க்கட்டி. ஒரே வித்தியாசம், அவர் தண்ணீர் போய்விடக் கூடாது என்று காவல் காப்பார், நான் தங்கிவிடக் கூடாது என்று காவல் காக்கிறேன்.

நான் நிறுத்துகிற இடம் ஒரு லண்டன் பிளேன் மரத்தடி. இந்த நகரத்துத் தெருவெல்லாம் அந்த மரம்தான். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிது. இலையுதிர் காலத்தில் அது கூரை மடிப்பில் விழுந்து, நனைந்து, நசுங்கி, மதகில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் மறுகால் போகும். எங்கே? சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டில். கார்ப்பெட்டை மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும். அமுக்கினால் விரலைச் சுற்றித் தண்ணீர் எழும்பும். காலையில் வெளிக்கண்ணாடி சுத்தமாக இருக்கும், உள்கண்ணாடி வேர்த்திருக்கும். எனக்கு அந்த வாசனை பழக்கமானதுதான். மழைக்காலத்தில் அப்பாவின் தறிக்குழியில் தண்ணீர் ஊறும்போது வருமே, அதே ஈரமண் வாசனை. குழியில் ஈரம் ஏறினால் பாவு நமத்துப்போகும், தறி ஓடாது, கூலியும் வராது. மேலே ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அப்பா பாதி ராத்திரியில் எழுந்து தார்ப்பாயை இழுத்துவிடுவார். அந்தத் தூக்கமின்மையைத்தான் எனக்குச் சொத்தாக எழுதிவைத்திருக்கிறார்.

“ஏர் புடிச்சு ஊது, போயிடும்” என்பீர்கள். கூடாது மாமா. வேகமாக ஊதினால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். பிறகு தண்ணீர் நேராக அந்தக் குழல் தகட்டுக்குள்ளேயே போய்ச் சேரும். புல் வெட்டும் மெஷினில் போடுகிற தடித்த நைலான் கம்பி இருக்கிறதல்லவா, அதை வாங்கி, முனையைத் தீயில் உருட்டி மழுக்கி, மேலிருந்து மெதுவாக விட வேண்டும். திருகித் திருகி விட்டால் ஓரிடத்தில் தடுக்கும். அழுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் ‘களுக்’ என்று ஒரு சத்தம். உடனே வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு குழம்பு இறங்கும். இலைச் சக்கை, பாசி, மணல், முந்தைய சொந்தக்காரரின் சாக்லேட் காகிதம். இடது பக்கத் துளையிலிருந்து எடுத்த வண்டலில் இரண்டு இலை விட்ட ஒரு முளை இருந்தது. உங்கள் மகள் அதை எடுத்துத் தயிர் டப்பாவில் நட்டுவைத்திருக்கிறாள். என்ன செடி என்று இதுவரை தெரியவில்லை.

நரி விஷயத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். லண்டன் தெருக்களில் ராத்திரி நரி நடமாட்டம் சர்வசாதாரணம். குப்பைத் தொட்டியைக் கிளறிவிட்டு, களைத்துப்போய்ப் படுக்க இடம் தேடுகிற நரிக்கு, நாலா பக்கமும் தகடு வைத்த கார்களுக்கு நடுவில் மெத்தென்று ரெக்சின் கூரை ஒன்று கிடைத்தால் விடுமா? விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் வண்டி மேல் சுருண்டு படுத்தபடி என்னைப் பார்க்கிறது. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். நான் வாரத்தில் பாதி நாள் விழிக்கிறேன். இதுவரை கிடைத்தது கூரையில் நகக்கீறல்தான். அதற்கு ரெக்சின் ஒட்டுப் போட்டிருக்கிறேன். மாட்டுத் தோலில் சூடு போட்ட மாதிரி இருக்கிறது என்று உங்கள் மகள் சொல்கிறாள். தண்ணீர் இறங்கவில்லை, எனக்கு அது போதும்.

மெக்கானிக் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ரயில் பாலத்துக்குக் கீழே வளைவுக்குள் ஷெட் வைத்திருக்கிறார். வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, மேலால பாக்க மாப்பிள்ளை மாதிரித்தான் நிக்குது. கீழதான் கறள் திண்டுட்டுது” என்றார். தண்ணீர் பாதி, உப்பு பாதி. பனி விழுகிற ராத்திரிகளில் இங்கே ரோட்டில் கல் உப்பைத் தூவுவார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற இடத்தில் பூமிக்கு அடியில் பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. அந்த உப்பு அடித்தகட்டில் போய் ஒட்டிக்கொண்டால் துருவுக்குக் கறிசோறு போட்ட மாதிரி. எம்ஓடி சோதனையில் இதற்கு ஒரு விதி உண்டு. சஸ்பென்ஷன், பெல்ட் மாதிரி முக்கியமானவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு அரித்திருந்தால் ஃபெயில். பட்டி போட்டு பெயின்ட் அடித்து ஏமாற்ற முடியாது, புதுத் தகடு வைத்து வெல்டிங் போட வேண்டும். நமக்கு அந்த எல்லைக்குச் சற்றுத் தள்ளித்தான் துரு இருந்தது. ஆகவே ‘கவனிக்கவும்’ என்று எழுதி பாஸ் போட்டுவிட்டார்கள். சோதனைக் கட்டணம் உச்சபட்சம் 54.85 பவுண்டுதான். அதற்குப் பிறகு நம் மனத்திருப்திக்காகச் செய்கிற வெல்டிங்குக்குத்தான் உச்சபட்சம் கிடையாது. செய்தாகிவிட்டது. எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

ஸ்டெப்னி இல்லை. பஞ்சரானால் டயருக்குள் ஏற்ற ஒரு டப்பாவும் சின்னப் பம்பும்தான். டிக்கியில் 150 லிட்டர் கொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நடைமுறையில் ஒரு அரிசி மூட்டை, ஒரு கட்டு கறிவேப்பிலை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கினால் கூரையைத் திறந்தே ஆக வேண்டும். மழை வந்தால் முருங்கைக்காயா, கூரையா என்று முடிவெடுக்க வேண்டும். மைலேஜ் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வருகிறது. இந்த ஊரில் பெட்ரோலை லிட்டரில் விற்பார்கள், ரோட்டை மைலில் அளப்பார்கள், மைலேஜைக் கேலனில் பேசுவார்கள். மூன்றையும் பெருக்கி வகுத்து முடிப்பதற்குள் டேங்க் காலியாகிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? போன வாரம் சவுத்எண்டு போனோம். தேம்ஸ் நதி கடலில் சேருகிற பக்கம். அங்கே கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பாலம் இருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கட்டியவற்றில் உலகத்திலேயே நீளமானது. அதன் மேல் குட்டி ரயில் வேறு ஓடுகிறது. காலையில் வெயில். ஆனால் 12 டிகிரி. வெள்ளைக்காரர்கள் இந்தக் குளிரிலும் கூரையைத் திறந்துவிட்டு, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, ஹீட்டரை முழுக்க வைத்து ஓட்டுவார்கள். நாங்களும் அப்படியே. தலைக்கு மார்கழி, காலுக்கு அக்னி நட்சத்திரம். உங்கள் மகள் ஆசையாக வைத்துக்கொண்ட மல்லிகைச் சரம் ஏ13 ரோட்டில் காற்றோடு போய்ப் பின்னால் வந்த லாரியின் கண்ணாடியில் மாலையாக விழுந்தது. டிரைவர் விளக்கைப் போட்டுக் காட்டினார். நன்றியா, கோபமா தெரியவில்லை.

எதிரில் இதே மாடல் வண்டி வந்தால் ஓட்டுபவர் கையைத் தூக்கி ஆட்டுவார். இவர்களுக்குள் அது ஒரு வழக்கம். முன்பின் தெரியாத ஆள், ஒரே வண்டி என்ற உறவில் கை ஆட்டுகிறார். நம்ம ஹைவேயில் யாராவது கை ஆட்டினால் ஒன்று லிஃப்ட் கேட்கிறார், இல்லை முன்னால் செக்கிங் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் உங்கள் மகள் முதல் தடவை, “ஹெட்லைட் எரியுதான்னு பாருங்க” என்று பதறினாள். இப்போது எனக்கு முன்னால் அவள் கை எழும்புகிறது. சவுத்எண்டு போய்ச் சேர்ந்தபோது கடல் உள்வாங்கியிருந்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் சேறுதான். சிப்ஸ் தின்றுவிட்டுத் திரும்பினோம். வருகிற வழியில் ஓரிடத்தில் மண் வாசனை, இன்னோரிடத்தில் வெட்டிய புல் வாசனை, லண்டன் நெருங்கும்போது கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்து வாசனை. மூன்றுமே தகடு போட்ட காரில் கிடைக்காது. மூன்றாவது கிடைக்காமல் இருந்தால் நல்லதுதான்.

அடுத்த வீட்டில் எண்பது வயதுக்காரர் ஒருவர். இளமையில் திறந்த கார் வைத்திருந்தவர். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வண்டி வாங்கிய அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதைப் பார்த்துவிட்டு, இது டயர் ரப்பருக்கு நல்லதா என்று கேட்டார். ஆமாம் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். அவர் மகனுடைய புதுக் காருக்கும் இப்போது எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறார்.

திறந்த வண்டிக்கு மே, ஜூன்தான் சீசன். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை சவாரியை நீங்கள் விட மாட்டீர்கள். அது முடிந்ததும் ஆனியில் அத்தையை அழைத்துக்கொண்டு வாருங்கள், விசாவுக்கு வேண்டிய காகிதங்களை அனுப்பிவைக்கிறேன். ஹீத்ரோவில் இறங்கியதும் உங்களை நான் வண்டியில் கூட்டி வந்துவிடுவேன். அத்தையும் பெட்டிகளும் உங்கள் மகளோடு எலிசபெத் லைன் ரயிலில் மேனர் பார்க்குக்கு வந்துவிடட்டும். மேல்தகடு இல்லாத வண்டியில் நீங்கள் மட்டும் ஏறினீர்கள் என்று அத்தை கோபித்துக்கொண்டால் மறுநாள் அவர்களை சவுத்எண்டு கூட்டிப் போகிறேன், நீங்கள் அடுத்த வீட்டுத் தாத்தாவோடு உட்கார்ந்து அம்பாசடர் கதை பேசிக்கொண்டிருங்கள். வரும்போது ஊறுகாயை டிக்கி அளவுக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் மங்கி குல்லாவை மறக்காதீர்கள். ஆனி மாதம்தானே என்று பீரோவிலேயே வைத்துவிட்டு வந்தால், ஹீத்ரோவிலிருந்து ஈஸ்ட் ஹாம் வரை கூரையை மூடித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: வண்டியின் வயதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். புதுசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.